சரக்குக் கொட்டகை கேட்ட ஊருக்குக் கடல் வந்தது

நாங்கள் கேட்டது ஒரு சரக்குக் கொட்டகை, அவ்வளவுதான். இரும்புத் தூண் நாலைந்து, மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தளம், சாரல் அடித்தால் மூட்டை நனையாமலிருக்கக் கொஞ்சம் நீட்டிவிட்ட இறவாணம். இதைக் கேட்டுக் கேட்டு ஊரே தொண்டை கட்டிப்போன பிறகு, ஆவணி மாதத்து விடியல் ஒன்றில், செம்மங்காடு ரோடு ரயில் நிலையத்தின் கூட்ஸ் யார்டில் கடல் வந்து நின்றது.

கடலைப் பற்றிச் சொல்லும் முன் கொட்டகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் புரியாது. எங்கள் ஊரில் விளைவது சின்ன வெங்காயம். ரயிலில் ஏற்றக் கொட்டகை வேண்டும் என்று கேட்டால், உங்கள் நிலையத்துக்குப் போதுமான சரக்கு வருவதில்லை, அதனால் கொட்டகை இல்லை என்பார்கள். சரக்கு ஏன் வருவதில்லை என்றால், வைப்பதற்குக் கொட்டகை இல்லை, அதனால் வருவதில்லை. இதற்கு நடுவில் நிலக்கரி வண்டிகள் எங்கள் ஊரை நிற்காமல் தாண்டி எங்கோ போகும், அந்த நிலக்கரியில் பிறந்த கரண்ட் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் எங்கோ போகும், எங்கள் மோட்டார்களுக்கு மட்டும் மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும், அதுவும் நாற்று காய்ந்த பிறகு. நாட்டின் போக்குவரத்தெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் நடந்தது, எங்களுக்கு மட்டும் போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை. இதைக் கேட்டால் நான் வாயாடி. திருச்சியில் பொருளாதாரம் படிக்கப் போட்டதிலிருந்து இந்தப் பெண்ணுக்கு வாய் நீண்டுவிட்டது என்று ஊரில் பேச்சு. எனக்கு வாய் முன்பே நீளம்தான், அவர்கள்தான் கவனிக்கவில்லை.

செல்லக்கண்ணு அத்தை, என் அப்பாவின் அக்கா, தனியாளாக நின்று வெங்காயம் போடுகிறவள். ஒவ்வொரு வருசமும் ஆவணியில் வெங்காயத்தைப் பிடுங்கி, தாளோடு உலர்த்தி, வயலோரத்தில் கழியும் ஓலையும் வைத்துக் கட்டிய உயரமான பட்டறையில் போட்டுவைப்பாள். லாரிக்குக் காத்திருப்பாள். லாரி வருவதற்குள் ஐப்பசி வந்துவிடும், மழை ஓலைக்குள் இறங்கும், வெங்காயம் உள்ளேயே முளைவிட்டு அழுகும், அந்த நாற்றம் கார்த்திகை வரைக்கும் அவள் சேலையில் இருக்கும். பக்கத்து வயல்களில் ஏற்கெனவே மனைக்கல் நட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இந்த வருசமும் அழுகினால் தன் வயலையும் கொடுத்துவிடுவதாக அத்தை புரோக்கரிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அழுது சொல்லியிருந்தால் மாற்றிப் பேசியிருப்பேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் கடல்.

பெரிய கடல் என்று சொல்ல முடியாது. லெவல் கிராசிங் கேட்டிலிருந்து பழைய எடைமேடை வரைக்கும் இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் பிளாட்பாரத்தில் நின்று வடக்கே பார்த்தால், கருவேலங்காடு தெரிய வேண்டிய இடத்தில் தொடுவானம் தெரிந்தது, அதற்கும் அப்பால் மேகம் கீழிறங்கி நின்றது. சுற்றிக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் போனவர்கள் ஒன்றும் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள், அங்கிருந்து திரும்பிப் பார்த்து, ஸ்டேஷன் தெரிகிறது, தண்ணீரும் தெரிகிறது என்று கைகாட்டினார்கள். அதற்கு மேல் யாரும் அதை ஆராயவில்லை. ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன. போர்வெல்லில் உப்பு ஏறுமா என்று முதலில் கேட்டார்கள். ஏறவில்லை. மாடு குடிக்குமா என்று பார்த்தார்கள். ஒரு மாடு வாய் வைத்துவிட்டு, ஏமாற்றப்பட்ட மாதிரி ஊரைத் திரும்பிப் பார்த்தது. சுமைதூக்கும் தொழிலாளர் மேஸ்திரி ராசாங்கம் மட்டும் கேட்க வேண்டியதைக் கேட்டார்: இதில் ஏற்று இறக்கு வேலை எங்கள் சங்கத்துக்குத்தானே?

ஸ்டேஷன் மாஸ்டர் அந்தோணிராயர் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடலோரத்துக்காரர், இந்தக் காய்ந்த பூமிக்கு மாற்றலாகி வந்து வருசக்கணக்கில் முகம் வாடிக் கிடந்தவர். அன்று காலை அவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கி நின்றார், பச்சைக்கொடி கக்கத்தில் இருந்தது, கூட்ஸ் வண்டி ஒன்று அவருக்காக ஊதிக்கொண்டே நின்றது. அன்றிலிருந்து ரயில் நேரம் எழுதும் கரும்பலகையில், பாசஞ்சர் வண்டிக்குக் கீழே, ஏற்றம் இத்தனை மணிக்கு, வற்றம் இத்தனை மணிக்கு என்று சாக்பீஸால் எழுதினார். பாசஞ்சர் தாமதமாக வரும். கடல் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

பிறகு கப்பல் வந்தது. காலையில் தொடுவானத்தில் புள்ளியாகத் தெரிந்து, பொழுது சாய்கையில் ஊரின் நிழலைவிட நீளமான நிழலோடு எடைமேடையை ஒட்டி நின்றது. துருப்பிடித்த, நல்ல மனசுள்ள கப்பல். கப்பல்காரர் நரைத்த புருவக்காரர், அவர் பேசியது எங்களுக்குத் தெரியாத பாஷை. ஆனால் சரக்கு இருக்கிறதா என்று கேட்பதற்கு எல்லா பாஷையிலும் ஒரே முகம்தான். எங்கள் ஊரில் லாரி வந்தால் என்ன செய்வோமோ அதையே கப்பலுக்கும் செய்தோம். லாரி ஆபீசில் டர்ன் போட்டு வரிசைக்கு நிற்கச் சொன்னோம். அவருக்கு முன்னால் யாருமில்லை என்றாலும் முதல் டர்ன் முதல் டர்ன்தான். முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினோம், பூசணிக்காய் உடைத்தோம், லாரிக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் ஏணி போட்டு ஏறிக் கப்பலின் பின்புறத்தில் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதினார். கப்பல்காரர் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார், வேதவாக்கியம் என்று நினைத்திருக்க வேண்டும். கப்பலின் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து மாவு மில்லுக்கும் இரண்டு தெருவுக்கும் கரண்ட் கொடுத்தார்கள். கப்பல் சமையல்காரர், வெங்காயத்தை உரிக்காமல் முழுசாகப் போட்டுக் குழம்பு வைக்கிற வெள்ளையம்மாள் சித்தியிடம் தினமும் வந்து சண்டை போட்டு, தினமும் ஒரு சட்டி வாங்கிப் போனார்.

ஊரிலிருந்த பட்டறை எல்லாம் பிரிந்தது. ராசாங்கம் மேஸ்திரியின் ஆட்கள் தலைத்துண்டைச் சும்மாடு கோலி, வயலிலிருந்து வண்டியிலும் வண்டியிலிருந்து பலகையிலும் பலகையிலிருந்து கப்பல் வயிற்றிலுமாக, பாட்டுப் பாடி மூட்டை ஏற்றினார்கள். கப்பல் தொடுவானத்தைத் தாண்டிவிட்டால் மறுநாளே விலை கைக்கு வந்துவிடும், தாண்டாவிட்டால் இல்லை என்பது கப்பல்காரரோடு பேசிவைத்த ஏற்பாடு. அத்தையின் மூட்டைகள் கடைசி வரிசையில் ஏறின. அவள் பலகை ஓரத்தில் நின்று ஒவ்வொரு மூட்டையையும் தொட்டு அனுப்பினாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

கப்பல் புறப்பட இருந்த அமாவாசையன்றுதான் எங்கள் ஊர் அந்தக் காரியத்தைச் செய்தது. கடற்கரைக்காரன் எவனும் செய்யமாட்டான். அந்தோணிராயர் அன்று தன் பேத்திக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போயிருந்தார், கரும்பலகையில் யாரும் எழுதவில்லை. காலையில் கடல் வற்றியது. தினமும் வற்றுவதுதான், ஆனால் அமாவாசை வற்றம் பெரிது. தண்டவாளம் தெரிந்தது, சேறு தெரிந்தது, சரக்கோடு கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாங்கள் ஏரிக்கரை ஜனங்கள். தண்ணீர் குறைந்தால் எங்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும்: எங்கோ கரை உடைந்திருக்கிறது. தமுக்கு அடித்தார்கள். வீட்டுக்கொரு ஆள், கூடை, மம்பட்டி. ஏரிக்கு மராமத்துப் பார்க்கிற மாதிரியே, கருவேலங்காட்டுப் பக்கம் சுற்றிப் போய், கடலின் வடக்கு எல்லை முழுக்க ஒரே பகலில் கரை போட்டோம். என் அத்தை சேற்றைச் சுமந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கப்பலைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோம். பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் மெல்ல ஏறிக் கப்பல் நிமிர்ந்ததும் ஊரே கைதட்டியது, கரையில் வெட்டிவேர் நட்டார்கள், கரைக் காவலுக்கு முறை வைத்தார்கள்.

மறுநாள் கடல் ஏறவும் இல்லை, வற்றவும் இல்லை. அலை நின்றது. வடக்கே பார்த்தால் தொடுவானம் இருந்த இடத்தில் எங்கள் கரையும் அதற்குப் பின்னால் கருவேலங்காடும் தெரிந்தன. கப்பல்காரர் இயந்திரத்தை முடுக்கிக் கரை வரைக்கும் போனார், முட்டாமல் நின்றார், ஒரு முறை ஹாரன் அடித்தார், திரும்பி வந்தார். அவர் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊரிலிருந்து திரும்பிய அந்தோணிராயர் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் கரையைப் பார்த்தார். கரையை வெட்டினால் என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன்.

"எங்க ஊருக் கடல்னா சொல்லிப்போடுவேன் மோளே. இது உங்க ஊருக் கடல். கரையும் கெட்டியாச்சு. இனி தொறந்தா நிக்குமோ, கப்பலோட போயிருமோ, எனக்கு இதோட பழக்கம் போதாது" என்றார்.

இதற்குள் தலைநகரத்திலிருந்து தேசியக் கொள்ளளவு ஆணையத்தின் அதிகாரி சிதம்பரநாதன் ஜீப்பில் வந்துவிட்டார். கொட்டகைக்கு ஒருவரும் வராத ஊருக்குக் கடலென்றதும் ஜீப். கடலுக்கு நாலு பக்கமும் கரை இருப்பதைக் கண்டு அவருக்குத் தாளாத மகிழ்ச்சி. கரையில்லாத கடலை அளக்க முடியாது, இதை அளக்கலாம். நீளம், அகலம், ஆழம் எடுத்தார். வெங்காயத்தோடு நின்ற கப்பலை மிதக்கும் கிடங்கு என்றும், அதன் ஜெனரேட்டரை மின் உற்பத்தித் திறன் என்றும் சேர்த்துக்கொண்டார். நாட்டின் துறைமுகக் கொள்ளளவும் சேமிப்புக் கொள்ளளவும் ஒரே பிற்பகலில் உயர்ந்தன. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு போர்டு நட்டு, தை மாதத்தில் திறப்பு விழா, அதுவரை கரையை யாரும் தொடக்கூடாது என்றார்.

நான் விடவில்லை. "சார், கொள்ளளவுன்னா உள்ள எவ்வளவு நிக்குங்கறதா, வெளிய எவ்வளவு போகுங்கறதா?"

"வெளிய போறது வேற பிரிவும்மா" என்றார், நிஜமாகவே வருத்தமாக.

கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட வசதி. அவர் எங்கள் வீட்டுத் தின்பண்டத்தை ருசித்துத் தின்றார், தன் ஊரும் தென்னாற்காட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரைதான் என்றார், கொட்டகை விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

புரட்டாசி கழிந்தது. கிழக்கே மேகம் கறுத்தது. வானொலியில் காற்றழுத்தம் என்றார்கள். அத்தை ஒரு நாள் மத்தியானம் கப்பலில் ஏறி, கப்பல்காரரோடு சரக்கறை மூடியைத் திறந்து, அவளுடைய மூட்டைகளுக்குள் கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்தாள். அதன் நுனியில் பச்சையாக ஒரு முளை, கிளி மூக்குப்போல. அவர்கள் இருவரும் அதை ஆளுக்கொரு பாஷையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு நேராக லாரி ஆபீசுக்கு வந்தாள், ஊர் கூடும் இடம் அதுதான். முளைவிட்ட வெங்காயத்தை மேசை மேல் வைத்துவிட்டு, கரையை வெட்டணும் என்றாள்.

எங்கள் ஊரில் கரையை வெட்டுவது கொலைக்கு அடுத்த பேச்சு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கப்பல் போனால் இன்னொரு கப்பல் வரும், கடல் போனால் என்ன வரும் என்றார்கள். மாவு மில்காரர் கரண்டைப் பற்றிச் சொன்னார். அழுகினால் எல்லோர் வெங்காயமும்தானே அழுகும், உனக்கு மட்டும் என்ன என்று ஒருவர் கேட்டார். உனக்கு இரண்டு பையன்கள் திருப்பூரில் சம்பாதிக்கிறார்கள், எனக்கு வயல்தான் திருப்பூர் என்றாள் அத்தை. என் பங்குக்கு நான் நிறையப் பேசினேன், புள்ளிவிவரத்தோடு பேசினேன், யாரும் கேட்கவில்லை. கடைசியில் ராசாங்கம் எழுந்தார். அவர்தான் எதிர்த்தவர்களில் உறுதியானவர், அதில் நியாயமும் இருந்தது.

"அக்கா, எங்களுக்கு வருசத்துல நாலு மாசம்தான் மூட்டை. மிச்ச நாளு ஊர் ஊராப் போயி தார்ப்பாய் கட்டுறோம். இந்தக் கடல் வந்த பின்னாடிதான் எம் பசங்க ஊட்டுல படுத்துத் தூங்குறானுவ. போச்சுன்னா போச்சுக்கா."

அத்தை அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "சரி ராசாங்கம். எம்மூட்டைய ஏத்துனது நீதானே. அது எங்க எறங்குச்சு?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "எறங்கல. ஒவ்வொண்ணும் இன்னும் எம் முதுவுலதான் இருக்கு" என்றார். பிறகு, மம்பட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

எங்கள் ஊரில் வெள்ளத்தின்போது ஏரிக்கரையை வெட்டியே தீரவேண்டும் என்று வந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. மம்பட்டி ஒன்றுதான். ஊர் முழுக்க வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டி, அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். யார் வெட்டில் கரை உடைந்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது. மறுநாள் காலை கறுத்த வானத்துக்குக் கீழே அப்படித்தான் நின்றோம். ராசாங்கம் முதல் வெட்டு. மாவு மில்காரர் வெட்டினார், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே. வெள்ளையம்மாள் சித்தி வெட்டினாள். அந்தோணிராயர் கொடியைப் பல்லில் கவ்விக்கொண்டு வெட்டினார். என் வெட்டு மண்ணை விடக் கல்லில்தான் அதிகம் பட்டது, சிரித்தார்கள். மம்பட்டி இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகையில், தடுக்க வேண்டும் என்று ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்த சிதம்பரநாதன் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசைக்குப் பக்கத்தில் நின்றார், பழக்கதோஷத்தில் அவர் கையிலும் யாரோ அதைக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை வாங்கினார். வாங்கியதும் கால் தானாக அகன்றது, மம்பட்டி தலைக்கு மேலே போனது, ஏரிக்கரையில் பிறந்தவன் வெட்டுகிற சுத்தமான வெட்டு ஒன்று விழுந்தது. அப்புறம்தான் அவருக்குத் தான் யார் என்று ஞாபகம் வந்தது. அடுத்த கை அத்தையுடையது. அவளுக்குப் பிறகும் பலர் வெட்டினார்கள், அதனால் யார் வெட்டு என்று சொல்ல முடியாது, அதைச் சொல்லமாட்டேன்.

கரை விட்டது. மேகம் இறங்கி நிற்கும் தூரத்துத் தொடுவானம் திரும்ப வந்தது. கப்பல் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டது, நரைத்த புருவக்காரர் மேல்தளத்தில் நின்று அத்தையைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். கப்பல் போகப் போகக் கடலும் கூடவே போனது, மேய்ச்சலுக்குப் போகிற பசுவின் பின்னால் கன்று போகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒட்டிக்கொண்டே. கப்பல் தொடுவானத்தைத் தாண்டிய நிமிசத்தில் அங்கே கருவேலங்காடு இருந்தது. அந்தோணிராயர் ஈரமான தண்டவாளத்தின் மேல் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தார். சித்தி ஒரு சட்டிக் குழம்பை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

யார் வெட்டியது என்று ஆணையத்தில் கேட்டார்களாம். ஆளுக்கொரு வெட்டு என்று எழுதினால் அதில் தன் வெட்டும் வரும் என்பதால் சிதம்பரநாதன் ஒன்றுமே எழுதவில்லை. அதனால் இந்த நாட்டின் துறைமுகக் கணக்கில் எங்கள் கடல் இன்றைக்கும் நிற்கிறது, மிதக்கும் கிடங்கோடும் ஜெனரேட்டரோடும். போன மாதம் மறுபடியும் கொட்டகை கேட்டோம். துறைமுகம் இருக்கிற ஊருக்குக் கொட்டகை எதற்கு என்று பதில் வந்திருக்கிறது. நான் இதை விடப்போவதில்லை. ராசாங்கமும் நானும் அடுத்த வாரம் தலைநகரத்துக்கு ரயிலேறுகிறோம், பேச்சை நான் பார்த்துக்கொள்வதாகவும் உட்கார இடம் பிடிப்பதை அவர் பார்த்துக்கொள்வதாகவும் ஏற்பாடு.

அதெல்லாம் பிறகு. கடல் போன அன்று சாயங்காலம் நான் வயலுக்குப் போனபோது அத்தையைக் காணவில்லை. கூப்பிட்டேன். பட்டறைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஒரு வெங்காயம்கூட இல்லாத பட்டறைக்குள் அவள் ஏறி, கழிகளில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருசத்தில் அது காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லையாம்.

"ஏறி வா மங்கை. என்னமா காத்து வருது பாரு" என்றாள்.

நானும் ஏறி உட்கார்ந்தேன். கிழக்கிலிருந்து மண்வாசனை முதலில் வந்தது, பின்னாலேயே மழை. முதல் துளிகள் ஓலையில் விழுந்ததும் அவள் உடம்பு பழக்கத்தில் துள்ளி எழுந்தது, கை தார்ப்பாயைத் தேடியது. பாதியில் நின்றாள். கழிகளுக்கு நடுவில் கையை வெளியே நீட்டி, உள்ளங்கை நிறையும் வரைக்கும் பிடித்தாள்.

"பெய்யட்டும்" என்றாள். "நாளைக்கு ஏரு கட்டிரலாம்."